தலைப்பாகைக்கு ஓர் இடம்

போன வாரம் புனிதாவின் கூரையை ஊரே பார்த்துப் பாராட்டியதோடு நிறுத்தியிருந்தோம். பாராட்டுக்கு ஆயுசு ஒரு வாரம்தான் போலிருக்கிறது.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறீர்கள் என்றால் உங்களுக்கு நாலு வரி. ஈப்போ புந்தோங்கில் அண்ணன் கோகிலனும் தங்கை புனிதாவும் ஒரு பட்டறை நடத்துகிறார்கள். அடிபட்டு நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் பட்டறை. அப்பா தர்மா கண்ணை மூடியபின் அவருடைய சுத்தியல்கள் தங்கைக்கு வந்தன, சாயம் அடிக்கிற வேலை அண்ணனுக்குப் போனது. எட்டு மாதத்துக்கு முன் ஸ்கந்தராஜா என்ற பெரியவர், காலமான தம் மனைவி செல்லாச்சியின் பழைய மோரிஸ் மைனரை லாரியில் ஏற்றி வந்து இங்கே இறக்கினார். கூடவே மகன் முகுந்தனும் இறங்கினான். அதன்பின் நடந்தது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை புனிதாவுக்கும் முகுந்தனுக்கும் கல்யாணம்.

காரின் கூரை துருவேறி, விரலை வைத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதுக் கூரையைப் புனிதாவே தட்டி உருவாக்கினாள். பதினோரு வாரம் பிடித்தது. பழையதைப் போலவே செய்ய அவளுக்கு மனம் இல்லை. நடுவில் ஒன்றரை அங்குலம் தாழ்த்தி, பின்பக்கம் அப்படியே வழிந்து இறங்குகிற மாதிரி ஒரு வளைவு கொடுத்திருந்தாள். அவள் கை தொட்ட தகடுகளிலேயே அழகானது அதுதான். கேட்டால் அவளே கூச்சப்படாமல் சொல்வாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தக் கூரையைத்தான் தடவிக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு அவளுக்கு நலங்கு. மஞ்சள் பூசிவிட்டால் தாலி ஏறும்வரை வாசற்படி தாண்டக்கூடாது, சுத்தியல் கித்தியல் என்று இரும்பைத் தொடவே கூடாது என்று அம்மா கலாதேவி அடித்துச் சொல்லிவிட்டார். ஆகப் பட்டறைக்கு இன்றோடு சரி. உண்மையில் வேலையும் பாக்கியில்லை. கூரை அடிப்பூச்சு முடிந்து சாம்பல் நிறத்தில் இருந்தது. நாளை கோகிலன் அதற்கு யானைத் தந்த நிறம் அடித்துவிட்டால் கார் தயார். சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள் அரை மணி நேரமாகப் போகவில்லை.

"தேஞ்சிடப் போவுது, உடு," என்றான் கோகிலன்.

"தேயட்டும். என் கூரைதானே."

"உன் மாமனாரு கூரை. அங்க பாரு, ஆளே வாராரு."

ஸ்கந்தராஜா தெலுக் இந்தானிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். வயது எழுபத்தைந்து. நில அளவை அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் பேராக் மாநிலத்தையே அங்குலம் அங்குலமாக அளந்தவர். ஆனால் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. அவரை எங்கும் கூட்டிப்போனது செல்லாச்சிதான், அதுவும் இந்தக் காரில்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத காற்சட்டை, கையில் பெரிய வட்டமான பிஸ்கட் டின். இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தார்.

"என்ன மாமா, பலகாரமா?" என்றாள் புனிதா. மாதக்கணக்கில் 'அங்கிள்' என்று கூப்பிட்டுவிட்டு, நிச்சயம் ஆனபின் 'மாமா' என்று மாற்றிக்கொண்டவள். இன்னும் வாயில் சரியாகப் படியவில்லை.

"பலகாரம் இல்லைப் பிள்ளை. தலைப்பா. என்ட கலியாணத்துக்குக் கட்டினது. முகுந்தனும் அதைத்தான் கட்டப்போறான். ஒருக்கா காருக்குள்ள வைச்சுப் பாப்பம் எண்டு கொண்டு வந்தனான்."

மேசைமேல் இருந்த ஆணிகளை ஒதுக்கிவிட்டு டின்னைத் திறந்தார். மல் துணியைப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

புனிதாவின் கண் மேசையிலிருந்து கூரைக்குப் போனது.

தலைப்பா உண்டு என்று முகுந்தன் முன்னமே சொல்லியிருந்தான். அவளும் மறக்கவில்லை. புனிதாவின் சாதிசனத்தில் தாய்மாமன் மாப்பிள்ளைக்கு உருமால் கட்டுவார். தலையைச் சுற்றி நாலு சுற்று, ஒரு விரல் கனம், அவ்வளவுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு, முகுந்தனை உட்கார வைத்து அளந்து, தலைக்கு மேல் ஒரு அங்குலம் தாராளமாகவே விட்டிருந்தாள். யாழ்ப்பாணத்து வழி வந்தவர்களின் கல்யாணம் ஒன்றுக்குக்கூட அவள் போனதில்லை. அவர்கள் தலைப்பா என்றால் அது வேறு என்பது இதோ, இந்த மேசைமேல்தான் அவளுக்குத் தெரிந்தது. வெண்பட்டு கெட்டியாகச் சுற்றிக் கட்டப்பட்டு, முன்னால் சிவப்புக் கல் பதக்கம் குத்தி, உச்சியில் சரிகை மடிப்பு விசிறியாக விரிந்து நின்றது.

"ஏறி உட்காருங்க மாமா," என்றாள்.

அப்பாவும் பிள்ளையும் ஒரே உயரம். அவர் தலைப்பாவை வைத்துக்கொண்டு குனிந்து ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்து மெதுவாக நிமிர்ந்தார். சரிகை விசிறி கூரையில் இடித்து மடங்கியது. தலைப்பா முன்னால் சரிந்து அவர் கண்ணை மறைத்தது.

கோகிலன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். புனிதா டேப்பை எடுத்து அளந்தாள். இரண்டரை அங்குலம் இடிக்கிறது.

"பரவாயில்லைப் பிள்ளை," என்றார் அவர், தலைப்பாவுக்கு அடியிலிருந்து.

பரவாயில்லை என்று அவர் சொன்னதுதான் அவளை அதிகம் வருத்தியது. கோபித்திருந்தால் தாங்கியிருப்பாள். 'அவங்க வழக்கம் நமக்குத் தெரியாது, ஒன்னுக்கு ரெண்டு தரம் கேட்டுச் செய்' என்று அம்மா இந்த எட்டு மாதத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பார். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் தன்னுடையதாகப் போகும் குடும்பத்தில் அவள் செய்த முதல் காரியம், அவர்கள் வழக்கத்துக்கு இருந்த இடத்தை வெட்டி எடுத்ததுதான். தாலி கட்டி முடித்து இருவரும் இந்தக் காரில் தெலுக் இந்தான் வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும். அங்கே ஆராத்தி எடுக்கும்வரை தலைப்பா தலையை விட்டு இறங்கக்கூடாது. முகுந்தன் எண்பது கிலோமீட்டரும் குனிந்துகொண்டு வருவானா?

"சீட்டு பஞ்ச கொறச்சிடலாம்," என்றான் கோகிலன்.

பஞ்சை எடுத்துவிட்டுப் பெரியவரை மறுபடி உட்கார வைத்தார்கள். முட்டி நெஞ்சுக்கு வந்தது. தலை இன்னும் இடித்தது. பஞ்சைத் திரும்ப வைத்தார்கள்.

"அப்பறம் என்ன, காடியில ஏறும்போது கழட்டிட்டு, எறங்கும்போது மாட்டிக்கட்டும். சினாங் வேல, சுலுவா முடிஞ்சிடும்."

"கழட்டி மடியில வச்சிக்கிட்டு வர்றதுக்கு அது என்ன ஹெல்மெட்டா?" என்று சீறினாள் புனிதா. "மாப்பிள்ள தலப்பாண்ணே அது. ஊரு பாக்க வாசல்ல நின்னு மாட்டுவாரா? நல்லா இருக்குலா."

ஸ்கந்தராஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலைப்பாவைக் கழற்றி, மடங்கிய விசிறியை விரலால் நீவிவிட ஆரம்பித்தார்.

புனிதா காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். இரண்டாம் நடையில் சாக்குக் கட்டியைக் கையில் எடுத்தாள்.

"மாமா, இன்னொரு தரம் உள்ள உட்காருங்க. தலப்பா எங்க முட்டுதோ, அங்க உள்ளேருந்து விரலால தட்டுங்க."

உள்ளே அவர் தட்டினார். வெளியே அவள் வட்டம் போட்டாள். அந்த வட்டத்தைச் சுற்றி முட்டை வடிவத்தில் இன்னொரு கோடு இழுத்தாள்.

கோகிலனுக்குப் புரிந்துவிட்டது. "வெட்டப்போறியா? மண்ட கொழம்பிப்போச்சா உனக்கு? பதினோரு வாரம்."

"தெரியும்."

"சுத்தி வெல்டிங் வைக்கணும். சூட்டுக்குத் தகடு இழுத்துக்கும். மொத்தக் கூரையும் நெளிஞ்சிச்சுன்னா ஞாயித்துக்கெழம கூரயில்லாமதான் போவணும்."

"அதுவும் தெரியும். ஒரு குமிழ் தட்டி இதுல பதிக்கிறேன். மூணு இன்ச்சி ஒசரம். அம்மா மஞ்சள் பூசுறதுக்குள்ள முடிச்சிடுவேன்."

கோகிலன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். சிறுவயதிலிருந்து இந்த முகத்தோடு வாதாடி அவன் ஜெயித்ததே இல்லை.

"ஒன்னு மட்டும் வச்சா அடிபட்டு வீங்குன மாதிரி இருக்கும்," என்றான் கடைசியில். "ரெண்டாப் போடு. பக்கத்துல உனக்கு ஒன்னு. கொண்ட, பூவு, ராக்கொடின்னு உன் தலையும் ஒசரமாத்தானே இருக்கப் போவுது."

அவளுக்கு அது தோன்றவே இல்லை. தன் தலையை அவள் அளக்கவே இல்லை.

"பேச நேரமில்ல. வெட்டுற மிஷின எடுத்தா," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"பிள்ளை, ஒரு விசயம்," என்று ஆரம்பித்தார் ஸ்கந்தராஜா.

"இப்ப ஒன்னும் பேசாதீங்க மாமா. பேசுனா கோடு தப்பிடும்."

அவர் பின்னால் தள்ளி நின்றார். வெட்டும் தட்டு கூரையில் பட்டுப் பொறி பறந்தது. பதினோரு வார வேலையில் முட்டை வடிவத்தில் இரண்டு ஓட்டை விழுந்தது. அதன் வழியாகப் பின்சீட்டில் வெளிச்சம் போய் உட்கார்ந்தது.

பிறகு அவளுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. புதுத் தகட்டில் இரண்டு துண்டு வெட்டி, மணல் அடைத்த தோல் பையின் மேல் வைத்து மரச் சுத்தியலால் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றிச் சுற்றி அடித்தாள். முதலில் தகடு கரடுமுரடாகக் குழிந்தது. அதை இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்துக் கொடுத்து வாங்கினாள். நூறு தரம் போய் வந்தபின் கரடு அடங்கி, ஒரு குமிழின் முதுகு தெரிய ஆரம்பித்தது. கண்ணால் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினாள். கைக்கு எங்கே தட்டுப்பட்டதோ அங்கே மறுபடி அடி.

பன்னிரண்டு மணிக்கு அம்மா போனில் பிடித்தார்.

"பூக்காரி வந்து ஒக்காந்திருக்கா. எங்கடி இருக்க?"

"வாரேம்மா. ஒரு சின்ன வேல."

"கைய என்ன கதி பண்ணி வச்சிருக்க? மருதாணி வைக்கணும்."

புனிதா கையைப் பார்த்தாள். மருதாணிக்கு இடம் தேடத்தான் வேண்டும். "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஸ்கந்தராஜாவின் போனும் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தவர், அடித்து ஓயட்டும் என்று சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். அது மெல்பர்னில் குடியிருக்கும் மூத்த மகள் பிரதீபா. காலையிலிருந்து மூன்றாவது தடவை.

மத்தியானம் கோகிலன் பொட்டலம் கட்டி வாங்கிவந்த மீ கோரெங்கை மூவரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். பெரியவரைத் தங்கள் வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, "எனக்கும் ஏதும் வேலை தாருங்கோ," என்றார்.

வேலை இருந்தது. குமிழ்களை ஓட்டையில் பொருத்தி வெல்டிங் வைக்கும்போது ஒரேயடியாக வைக்கக்கூடாது. இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு. ஒவ்வொரு பொட்டும் வைத்தவுடன் ஈரத்துணியால் ஒற்றிச் சூட்டைத் தணிக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடு நெளியும். ஸ்கந்தராஜா வாளியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். துணியை முக்கினார், பிழிந்தார், நீட்டினார். புனிதா பொட்டு வைத்தாள், ஒற்றினாள், துணியைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் இப்படியே போனது. நூறாவது துணிக்குப் பிறகு அவர் எண்ணுவதை விட்டுவிட்டார். அவள் கை நீளும்போது துணி அங்கே இருந்தது.

ஒரு முறை தகடு 'டொக்' என்று சத்தம் போட்டது. புனிதா கையை எடுத்துவிட்டாள். கோகிலன் கூரைக்குப் பக்கவாட்டில் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். எத்தனை நேரம் பார்த்தான் என்று அவளுக்குத் தெரியாது.

"இல்ல, நிக்குது," என்றான். "நீ வை."

ஐந்தரை மணிக்கு முடிந்தது. தேய்த்து விட்ட கூரையில் இரண்டு குமிழும் வெற்றுத் தகடாக மின்னின. தொடக்கம் தெரியாமல் எழும்பி, முடிவு தெரியாமல் அடங்கின. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. காலையில் இருந்த கூரையைவிட இது அழகு என்று கோகிலன் நினைத்தான். வாய்விட்டுச் சொல்லாமல் தங்கைக்குக் குடிக்கத் தே தாரிக் வாங்கப் போய்விட்டான்.

"ஏறுங்க மாமா," என்றாள் புனிதா.

அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தலைப்பாவை எடுத்து வைத்து, ஏறி உட்கார்ந்து நிமிர்ந்தார். விசிறி குமிழுக்குள் போய் நின்றது. மேலே அரை அங்குலம் மிச்சம். நாளை உள்துணி தைத்தாலும் இடிக்காது.

அவர் இறங்கவில்லை. பக்கத்துச் சீட்டைக் கையால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புனிதா மறுகதவைத் திறந்து அந்த இடத்தில் ஏறிச் சாய்ந்தாள். உடம்பெல்லாம் வலித்தது, மனசு லேசாக இருந்தது.

"ஒன்னு கேக்கட்டா மாமா? முப்பத்து மூணு வருசம் ஊரையே அளந்தவரு நீங்க. நான் கூரைய எறக்குனப்ப, தலப்பா இவ்ளோ ஒசரம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? இதை மட்டும் எப்படி அளக்காம விட்டீங்க?"

"அளந்தனான் பிள்ளை," என்றார் ஸ்கந்தராஜா. "எழுபத்தொன்பதாம் ஆண்டே அளந்தனான்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீர் கூரையைக் குறைச்சது ஒண்டரை. காலமை இடிச்சது ரெண்டரை. கணக்குப் பாரும்."

புனிதா கணக்குப் பார்த்தாள். தலை நிமிர்ந்து குமிழைப் பார்த்தாள்.

"அப்ப பழைய கூரையிலயும்…"

"ஒரு அங்குலம் இடிக்கும். கலியாணத்தண்டு இதே சீட்டுதான். கழுத்தைச் சரிச்சுப் பாத்தன், குனிஞ்சு பாத்தன், சரிவரேல்லை. கடைசியில செல்லாச்சி கழட்டித் தன்ட மடியில வைச்சுக்கொண்டாள். ஈப்போவில இருந்து தெலுக் இந்தான் வரைக்கும் ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு வந்தாள். வீட்டு வாசல்ல அவசரப்பட்டு எடுத்து வைச்சதில கோணலாப் போயிட்டுது. ஆராத்திப் படத்தில இப்பவும் கோணல்தான். தன்னாலதான் கோணினது எண்டு அவளுக்குக் கடைசிவரைக்கும் மனவருத்தம்."

மடியில வச்சிக்கிட்டு வர்றதுக்கு அது என்ன ஹெல்மெட்டா என்று காலையில் தான் கேட்டது புனிதாவுக்கு ஞாபகம் வந்தது. காது சூடாகிப்போனது.

"என்னால இல்லன்னு அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா. நான் வெட்டியிருக்கவே மாட்டேன்."

"சொல்லத்தான் வாயெடுத்தனான். ரெண்டு தரம்." அவர் தலைக்கு மேல் கையை நீட்டிக் குமிழின் உட்பக்கத்தைத் தொட்டார். தகட்டில் இன்னும் சூடு இருந்தது. "இந்தக் காரில இதுக்கு எண்டைக்கும் இடம் இருக்கேல்லை. நீர் சாக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு வந்து, எங்க முட்டுது எண்டு தட்டிக் காட்டச் சொன்னீர். வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை, பிள்ளை."

புனிதாவுக்குக் கண்ணில் நீர் நின்றது. துடைக்கக் கையை எடுத்தாள், கை முழுக்கக் கரி. அவர் வாளியோரம் கிடந்த கடைசி ஈரத்துணியை எட்டி எடுத்து, பிழிந்து, நீட்டினார்.

அப்போது அவருடைய போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை அவர் பைக்குள் போடவில்லை. "எடுக்காட்டி விடமாட்டாள்," என்று முனகிக்கொண்டே காதில் வைத்தார். கேட்டார். இரண்டு முறை 'ம்' என்றார். ஒரு முறை 'எப்ப?' என்றார். வைத்துவிட்டு முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார்.

"பிரதீபா கே.எல். வந்திட்டாள். நாளைக்குக் காலமை முதல் ரயிலில ஈப்போ வாறாள். வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கதான் வருவாளாம். முதல்ல அம்மாட காரைப் பாக்க வேணுமாம்."

"வரட்டுமே மாமா."

"இந்தக் காரில ஒரு கீறல்கூடப் போடேல்லை எண்டு அவளுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்."

புனிதா மேலே பார்த்தாள். இரண்டு குமிழ், அவற்றைச் சுற்றிப் புது வெல்டிங் தழும்பு, கையால் தட்டிய கூரை. கீறலுக்கு இங்கே இடமே கிடையாது. நாளைக் காலையில் அவள் மஞ்சளும் பூச்சுமாக வீட்டுக்குள் இருப்பாள். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லக்கூட வர முடியாது. நாத்தனார் வந்து நிற்கும்போது பட்டறையில் கோகிலன்தான் இருப்பான், சாயக் குழாயும் கையுமாக. கோகிலனுக்கு விளக்கம் சொல்லத் தெரியும் என்று யாரும் சொன்னதில்லை.

"நாளைக்கு நான் இங்க இருக்க முடியாது மாமா," என்றாள். "அவங்க கேட்டா யாரு சொல்றது?"

ஸ்கந்தராஜா சாய்ந்திருந்தவர் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைப்பா அசையவில்லை.

"நான் இருப்பன். இண்டைக்கு ஈப்போவிலயே தங்கி, காலமை ஏழு மணிக்கே வந்து, இதைத் தலையில வைச்சுக்கொண்டு, இங்கயே உட்கார்ந்திருப்பன். கதவைத் திறந்து பாக்கட்டும்."